அசையாவிட்டால் மூடிக்கொள்ளும் கம்ப்யூட்டரும் நானும்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் தம்பி பணிவோடு எழுதிக்கொள்ளும் கடிதம். தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பால் எப்போதும்போல நலம். மனத்தால், இன்று காலை பதினொன்றரை மணியிலிருந்து நலம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் எப்படி இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் கேட்கும், கேட்காத பாதியை அக்கா தன் கையிலிருந்து போட்டு நிரப்பிவிடுவாள்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, உங்கள் பழைய சிநேகிதரின் மகளான டாக்டரம்மாவின் விலங்கு மருத்துவமனையில் வேலை கிடைத்தது நீங்கள் எழுதிக் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தால்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த மூன்று மாதம் முடிகிற வாரத்தில், உங்கள் கையெழுத்துக்கே தலைகுனிவு வரும்படி ஒரு காரியம் செய்துவிட்டேன். வேறு யார் மூலமாவது உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவதுதான் முறை. முதலில் மன்னிப்பு. அதற்கப்புறம் விவரம்.

முன்னறையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர். டாக்டரம்மா, கம்பவுண்டர், கூண்டுகளைக் கவனித்துக்கொள்வதால் எல்லோரும் கூண்டம்மா என்று கூப்பிடுகிற அம்மா, நான், ஆக நான்கு பேருக்கும் அந்த ஒன்றுதான். வருகிற பிராணியின் பெயர், வயது, எடை, வியாதி, சொந்தக்காரரின் போன் நம்பர் எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. நான் சேருவதற்கு முன்னால் ஒருநாள் மேசையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, காத்திருந்த ஒரு மனிதர் ஸ்கிரீனை எட்டிப் படித்து, தன் எதிர்வீட்டு நாய்க்குச் சொறி என்று தெரிந்துகொண்டு தெரு முழுக்கச் சொல்லி, அது பெரிய சண்டையாகிவிட்டதாம். அதன்பிறகு கம்ப்யூட்டர்க்காரர் வந்து ஒரு பாதுகாப்பு செய்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று நிமிடம் யாரும் கை வைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே லாக் அவுட் ஆகிவிடும். அதுவரை பாதி எழுதியிருந்ததும் அதோடு போய்விடும். மறுபடி பெயர், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி முதலிலிருந்து.

மாமா, குடைக் கம்பெனிக் கிடங்கில் முப்பத்து மூன்று வருடம் இருப்பு நோட்டு எழுதியவன் நான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எத்தனை முறை டீ குடிக்கப் போயிருப்பேன்? எந்த நோட்டாவது என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறதா? இது சாத்தும். சாத்துவதற்கு இருபது நொடி முன்னால் ஒரு கட்டம் வந்து, ‘நீங்கள் இன்னும் இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். அறுபது வயசுக்காரனைப் பார்த்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை இப்படிக் கேட்டால் அவனுக்கே ஒரு சந்தேகம் வந்துவிடாதா? உடனே ‘இருக்கிறேன்’ என்பதை அமுக்க வேண்டும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, அமுக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நான் இல்லை என்று அதுவே முடிவு கட்டிவிடும். பாஸ்வேர்டோ பன்னிரண்டு எழுத்து. அதில் ஒன்று பெரிதாக இருக்க வேண்டுமாம், ஒன்று எண்ணாம், ஒன்று புள்ளியோ கோடோ ஏதோ ஒரு குறியாம். ஐந்து முறை தப்பாக அடித்தால் அரை மணி நேரத்துக்கு உள்ளே விடாது. ஒற்றை விரலால் அடிக்கிற எனக்கு நாலாவது முறையில் வியர்த்துவிடும்.

விலங்கு ஆஸ்பத்திரியில் எது மாமா மூன்று நிமிடத்தில் முடியும்? பெயர் என்ன என்று கேட்டால், “என் பேரா, அதும் பேரா?” என்பார்கள். அதன் பெயர்தான் என்றால், “வீட்ல ஒரு பேரு, வெளியில ஒரு பேரு, எதை எழுதப்போறீங்க?” என்று குடும்பமே கலந்து பேசும். இதற்குள் அந்த நாய் மேசைக்கடியில் வந்து என் செருப்பைக் கவ்விக்கொண்டு போகும். நான் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தால் ஸ்கிரீன் கறுப்பு. ஒருநாள் ஒரு ஆமை வந்தது. நாக்கைப் பார்க்க வேண்டும், தலையை நீட்டியதும் சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா. நானும் ஆமைக்காரரும் மூச்சு விடாமல் நின்றோம். ஆமை தலையை வெளியே நீட்டுவதற்குள் கம்ப்யூட்டர் தன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதைத் திறக்க நான் ஓட, ஓடிய சத்தத்தில் ஆமை மறுபடி உள்ளே. அன்றைக்கு இப்படி நாலு தடவை. ஆமைக்காரர் கடைசியில், “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல சார், இதுக்கும் இல்ல. உங்க மெஷினுக்குத்தான் என்னமோ அவசரம்” என்றார்.

எங்களால் முடிந்ததைச் செய்து பார்த்தோம். முன்னறையைக் கடந்து போகிறவர் யாராக இருந்தாலும் மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போக வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம். கம்பவுண்டர் ஆள் ஆறடி. ஒரு கையில் ஊசியும் இன்னொரு கையில் பூனையுமாகப் போகும்போது முழங்கையால் தட்டுவார். கூண்டம்மா துடைப்பத்தின் காம்பால் தட்டுவார். ஒருமுறை அவர் தட்டிய வேகத்தில் ஒரு முயலின் வயது நாற்பத்தேழு என்று பதிவாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. பாழாய்ப்போன மூளை. மேசை ஓரத்தில் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காற்று வீசுகிற டேபிள் ஃபேன் ஒன்று இருக்கிறது. அதன் கம்பிக் கூட்டில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை மவுஸில் கட்டினேன். ஃபேன் அந்தப் பக்கம் திரும்பினால் மவுஸ் கூடவே போகும். திரும்பி வருவதற்கு? கம்பவுண்டரிடம் கேட்டேன். மாத்திரைப் பொட்டலத்துக்குப் போடுகிற ரப்பர் பேண்டுகள் இரண்டை எடுத்துக் கொடுத்து, “இந்தப் பக்கம் இதைக் கட்டுங்கண்ணே, ரப்பரே இழுத்துட்டு வந்துடும்” என்றார். கட்டினோம். ஃபேன் போனால் மவுஸ் போனது, ஃபேன் வந்தால் மவுஸ் வந்தது. மூன்று நிமிடம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, பத்து ஆயிற்று. அந்தக் கட்டம் வரவேயில்லை. கம்பவுண்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூண்டம்மா டீ கொண்டுவந்தார். அந்த ஆஸ்பத்திரியில் முதல்முறையாக ஒரு டீயைச் சூடாகக் குடித்தேன்.

ஒன்பது நாள் சொர்க்கம். காலையில் நான் என் பெயரில் திறந்தால் சாயங்காலம் வரை அது திறந்தே கிடக்கும். நான்கு பேரும் என் பெயரிலேயே வேலை செய்தோம். டாக்டரம்மா எந்நேரமும் உள்ளறையில் இருப்பதால், அவசரமாக வந்து நாலு வரி அடித்துவிட்டு ஓடுவார், நூலைக் கவனிக்கவில்லை. எழுந்து போகும்போது மாட்டுவேன், உட்காரும்போது கழற்றுவேன், வீட்டுக்குக் கிளம்பும்போது ஃபேனையும் கம்ப்யூட்டரையும் ஞாபகமாக அணைத்துவிடுவேன். போன சனிக்கிழமை மதியம் மட்டும் அணைக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு நாய்க்கு அறுவை சிகிச்சை. அதன் சொந்தக்காரருக்குக் குறுஞ்செய்தி தயார் செய்துகொண்டிருந்தேன்: ‘தங்கள் செல்லப்பிராணிக்குத் திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. முந்தின இரவு முதல் உணவு எதுவும் தர வேண்டாம்.’ அனுப்பப் போகும் நேரத்தில் வீட்டிலிருந்து போன். சமையலறைக் குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது, தண்ணீர் கூடம் வரைக்கும் வந்துவிட்டது என்று இவள் அலறுகிறாள். பழக்க தோஷத்தில் நூலை மாட்டினேன், ஓடினேன். அன்று முழுக்கத் தண்ணீர் இறைத்த களைப்பில் ஆஸ்பத்திரி நினைவே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன நாலைந்து பிராணிகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூண்டம்மா மட்டும் காலையிலும் மாலையிலும் வருவார். காலையில் ஒரு பூனையின் கூண்டுக் கொண்டியைச் சரியாகப் போடவில்லை. பூனை வெளியே வந்திருக்கிறது. வந்த பூனை எதைப் பார்க்கும், மாமா? காலியான அறையில், ஒரு மேசைமேல், கைக்கு அடக்கமாக, வாலோடு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்தது. இங்கிலீஷில் அதற்கு எலியின் பெயரைத்தானே வைத்திருக்கிறார்கள். பூனையை எப்படிக் குற்றம் சொல்ல முடியும்? பாய்ந்திருக்கிறது. அது அடித்த நேரத்தில் ஸ்கிரீனில் அம்பு நின்ற இடம், ‘ஒருவருக்கு அனுப்பு’ அல்ல. அதற்குப் பக்கத்தில் இருக்கிற ‘அனைவருக்கும் அனுப்பு’. நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டிருக்கிறது. பிடித்ததை ஒரே அடியோடு விடுகிற பூனை உண்டா? ஒன்பது நொடி கழித்து இன்னொரு அடி. மாலையில் கூண்டம்மா வந்து பார்த்தபோது, பூனை மவுஸைக் கட்டிக்கொண்டு கீபோர்டின்மேல் தூங்கிக்கொண்டிருந்ததாம். தூக்கிக் கூண்டில் போட்டுவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குத் தெருமுனை திரும்பினேன். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மருந்துக்கடை வரை மனிதர்கள். ஆளுக்கொரு கயிறு, கூடை, பை, பெட்டி. மொத்தம் அறுநூற்று நாற்பது பேருக்குச் செய்தி போயிருக்கிறது. நேரில் வந்தவர்கள் நூற்று முப்பதுக்கு மேல். மீதிப் பேர் போனில். அத்தனை பிராணியும் இரவிலிருந்து பட்டினி. பசித்த நாய்கள் பசித்த பூனைகளைப் பார்த்தன. பசித்த பூனைகள் ஒருவர் கையிலிருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்தன. ஜாடியில் ஒரு மீன். “மீனுக்குமா சார் ஆபரேஷன்? நானும் மனசைக் கல்லாக்கிட்டு ராத்திரி ஒண்ணும் போடல” என்றார் அவர். ஆமைக்காரரும் வந்திருந்தார். ஒரு பெண்மணி தன் நாயைத் தூக்கிக் காட்டி, “இதுக்குப் பதினாறு வயசு. இனிமேல் இது என்ன செஞ்சுடப்போகுதுன்னு இதுக்கு ஆபரேஷன்?” என்று கேட்டார்.

உள்ளே போனால் கம்பவுண்டர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஞாயிறு மாலை நாலு பன்னிரண்டுக்கு, என் பெயரில் அனுப்பியதாக அதில் பதிவாகியிருக்கிறது. கூண்டம்மா பூனைக் கதையைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கம்பவுண்டர் என் காதருகில் குனிந்து, “அண்ணே, மெஷின் தானா அனுப்பிடுச்சுன்னு சொல்லிடலாம். நூலை அவுத்துப் போட்டுடறேன். யாருக்கு என்ன தெரியப்போகுது?” என்றார். பொய் சொல்ல மாட்டேன் மாமா, எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கையும் நூல் வரை போயிற்று. அதற்குள் டாக்டரம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்துவிட்டார்.

“என்ன சார் இது?” என்றார். சத்தமே இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“நான்தாம்மா. இந்த மெஷின் மூடிக்கக் கூடாதுன்னு நூல் கட்டினேன். அணைக்காமப் போயிட்டேன். ராத்திரியெல்லாம் அதுங்க பட்டினி கிடந்தது என்னாலதான்” என்றேன்.

உடனே கூண்டம்மா, “இல்லம்மா, கொண்டி போடாதது நானு. பூனை வரலன்னா ஒண்ணும் ஆகியிருக்காது” என்றார்.

கம்பவுண்டர் ஓரடி முன்னால் வந்தார். அப்புறம், “ரப்பர் பேண்டு நான் குடுத்தது மேடம். அது இல்லன்னா மவுஸ் திரும்பியே வராது” என்றார்.

“நூல்தாங்க மூலம்” என்றேன் நான். “கொண்டிதாம்மா” என்றார் கூண்டம்மா. இப்படிக் கொஞ்ச நேரம் போயிற்று. டாக்டரம்மா ஃபேனைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், தையல் போடுகிற கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினார். என்னையும் சேர்த்து வெட்டியதுபோல இருந்தது. பிறகு வாசலுக்குப் போய், ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, “யாருக்கும் ஆபரேஷன் கிடையாது. தப்பு எங்க மேல. மன்னிச்சுக்குங்க. முதல்ல எல்லாத்துக்கும் சாப்பாடு போடுவோம்” என்றார். கம்பவுண்டர் தெருவில் இருக்கிற இரண்டு கடைகளிலிருந்தும் ரொட்டியும் பாலும் பிஸ்கட்டுமாக அள்ளிக்கொண்டு வந்தார். அதன்பிறகு டாக்டரம்மா என்னிடம் திரும்பி, “வந்தவங்க வந்துட்டாங்க. ஒவ்வொண்ணா எடை பார்த்து, பல்லு, காது, தோல் பார்த்து அனுப்புவோம். எழுதுங்க” என்றார். கம்ப்யூட்டர் பக்கம் எனக்குக் கை போகவில்லை. பக்கத்துக் கடையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, எழுத ஆரம்பித்தேன். நூற்று முப்பத்தொரு பிராணி. ஒன்றுகூட விடவில்லை. நோட்டும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

பதினொரு மணிவாக்கில் கைத்தடியோடு ஒரு பெரியவர் வந்தார். கூடவே ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்த ஒரு வயசான நாய். மற்றதெல்லாம் பிஸ்கட்டுக்குப் பாய்ந்துகொண்டிருக்க, இது பால் தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நாலு நாளா இது ஒண்ணும் சாப்பிடல தம்பி. வயசாயிடுச்சு, போகப்போகுதுன்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். சாப்பாடு தராதீங்கன்னு உங்க கிட்ட இருந்து செய்தி வருது. இது சாப்பிடலைங்கிறது உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?” என்று கேட்டார். ஒரு பூனை சொன்னது என்றா சொல்வேன்? டாக்டரம்மா நாயின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். மேல் அண்ணத்தில், இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, குறுக்கே ஒரு எலும்புத் துண்டு பாலம் போட்டதுபோல மாட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். வந்துவிட்டது. புண்ணுக்கு மருந்து தடவினார். மேனேஜர் இரண்டு முறை நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு பாலை, ரொட்டியை, பக்கத்து நாய் மிச்சம் வைத்ததை, ஜாடிக்காரர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த பிஸ்கட்டை, எல்லாவற்றையும் தின்று தீர்த்தார். பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. பதினாறு வயசு நாயின் சொந்தக்காரி எழுந்து வந்து, “எனக்கும் அந்த வாயை ஒருதடவை பார்த்துச் சொல்லிடுங்க” என்றார். அவருடைய வாயை அல்ல, நாயுடையதை.

நேற்று, செவ்வாய்க்கிழமை, டாக்டரம்மா கம்ப்யூட்டர்க்காரரை வரவழைத்தார். மூன்று நிமிடம் என்பது பாதுகாப்பு, அதில் கை வைக்க முடியாது என்றார் அவர். டாக்டரம்மா கோபப்படவில்லை. “சரி, இன்னைக்கு மதியம் வரைக்கும் நீங்களே இந்த நாற்காலியில உட்கார்ந்து வர்றவங்களைப் பதிவு பண்ணுங்க” என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார் மனிதர். ஒன்பதரைக்குள் நாலு முறை அது அவரை வெளியே தள்ளிவிட்டது. பத்து மணிக்கு ஒரு ஆட்டுக்குட்டி அவருடைய விசிட்டிங் கார்டைத் தின்றது. பத்தரைக்கு, பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாக அடித்து அவரே வெளியில் நின்றார். பதினொரு மணிக்கு அவராகவே இருபது நிமிடம் என்று மாற்றினார். அதற்குள் எழுந்து போவதானால் ஸ்கிரீனை மூட ஒரு பொத்தானைக் காட்டிக் கொடுத்தார். பாதியில் மூடிக்கொண்டாலும் எழுதியது அழியாமல் இருக்கவும், எல்லோருக்கும் போகிற செய்தி டாக்டரம்மாவின் பாஸ்வேர்டு இல்லாமல் போகாமல் இருக்கவும் வழி செய்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போகும்போது, “எப்படி சார் மூணு மாசம் தாங்குனீங்க?” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனார்.

இருந்தாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. காலையிலேயே என் மேசை இழுப்பறையைக் காலி செய்து, கண்ணாடிக் கூடு, டம்ளர், உட்காரும் மெத்தை எல்லாவற்றையும் பையில் போட்டு வைத்திருந்தேன். அவராகச் சொல்வதற்கு முன்னால் நாமாகக் கிளம்பினால் மரியாதையாவது மிஞ்சுமே. பதினொன்றரைக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். பையோடு போய் நின்றேன்.

“பை எதுக்கு சார்?”

“நாளையிலேருந்து...” என்று ஆரம்பித்தேன்.

“தப்பு பண்ணிட்டு அடுத்தவங்க மேல போடுறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஒரே தப்பை மூணு பேரு என்னுது என்னுதுன்னு சண்டை போட்டுச் சொந்தம் கொண்டாடுனதை இப்பத்தான் பார்க்கிறேன். மெத்தையைக் கொண்டுபோய் நாற்காலியில போடுங்க. அந்த நோட்டை மட்டும் தினம் எழுதுங்க, எனக்கு அது வேணும்” என்றார்.

வெளியே வந்தேன். கம்பவுண்டரும் கூண்டம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். கம்பவுண்டர் என் பையை வாங்கி மெத்தையை எடுத்து நாற்காலியில் போட்டார். நான் உட்கார்ந்தேன். மாமா, அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று.

ஆகவே தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. தங்கள் பெயருக்கு வரவிருந்த இழுக்கு மயிரிழையில் தப்பியது. தங்கள் சிபாரிசின் மதிப்பை ஆபத்தில் தள்ளியதற்காக மறுபடியும் மன்னிப்புக் கேட்டு, இனி ஆயுசுக்கும் அதைக் காப்பாற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். விவரத்தைச் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நெடுநாள் இருந்து எங்களை ஆசீர்வதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கள் காலைத் தொட்டு வணங்கும்,
மைத்துனன்

பின்குறிப்பு: வியாழன் காலை. உறையை ஒட்டி, தபால் தலையும் ஒட்டி, வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்தவன், மறந்துபோய் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டேன். வேலை நிரந்தரமான தாளை என் கோப்பில் நானே வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. கோப்பில் முதல் தாளாகத் தாங்கள் எழுதிய சிபாரிசுக் கடிதம் இருந்தது. மூன்று மாதமாக எந்தக் கடிதத்துக்குப் பங்கம் வரக் கூடாதென்று தவித்தேனோ அதை நேற்றுவரை நான் பார்த்ததில்லை. படித்தேன்: ‘இவன் என் மைத்துனன். பொய் சொல்ல வராது. எந்த இயந்திரத்தின் பக்கத்திலும் தனியாக விட வேண்டாம். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் எனக்கே ஆச்சரியம்.’ எனவே, உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே கேட்ட இரண்டு மன்னிப்புகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தங்கள் பெயருக்கு எந்த இழுக்கும் வரவிருக்கவில்லை. தாங்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து பலித்திருக்கிறது. கடைசி வரி மட்டும் தப்பு. விவரம் முழுவதையும் அக்காவிடம் தாராளமாகச் சொல்லலாம், இந்தச் சிபாரிசுக் கடிதத்தையும் சேர்த்து. இரண்டாவது வரிக்காக, வணக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன்.